கேட்டால் மூவருமே சொல்லும் ஒரு கிளை நூலகம்

பாளையங்கோட்டையை ஒட்டிய குடியிருப்புப் பகுதி ஒன்றில் இயங்கும் கிளை நூலகத்துக்கு நான் மூன்று ஆண்டுகளாகச் சென்றுவருகிறேன். நூல்களின் எண்ணிக்கையிலும் கட்டட வசதியிலும் அது சாதாரணமான நூலகம்தான். ஆனால், அங்கே பணியாற்றும் மூவரில் யாரிடம் கேட்டாலும் ஒரே தரத்தில் விடை கிடைக்கிறது.

இதன் அருமையை நான் வேறோர் இடத்தில் பட்டுத்தான் உணர்ந்தேன். முன்பு நான் உறுப்பினராக இருந்த நூலகத்தில், நீண்ட காலம் பணியாற்றிய நூலகர் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே பழைய இதழ்த் தொகுப்புகள் எங்கே இருக்கின்றன என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. பதிவேட்டில் சேர்க்கை எண் இருந்தது. கூரை ஒழுகிய ஒரு மழைக்காலத்தில் அவர் அவற்றை வேறு அறைக்கு மாற்றிவைத்த செய்தி மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. அவரும் மறைக்க நினைத்தவரல்லர். கேட்பதற்கு அருகில் ஒருவரும் அமர்த்தப்படவில்லை.

இந்தக் கிளையில், மாலையில் மூடுவதற்கு முன் கால் மணி நேரம் மூவரும் இரவல் மேசையருகே அமர்ந்து, அன்று வாசகர்கள் கேட்டவற்றையும் தாங்கள் தடுமாறிய இடங்களையும் பேசி, ஒரு நீள நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். அனுமதி பெற்று அதைப் புரட்டிப் பார்த்தேன். வண்ணதாசனின் கதைகளைத் தேடி வருபவரிடம் கல்யாண்ஜியின் கவிதைகளையும் காட்ட வேண்டும், இருவரும் ஒருவரே என்பது கணினிக்குத் தெரியாது என்று ஒரு குறிப்பு. திருநெல்வேலி வரலாறு கேட்பவருக்கு, கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட ஆங்கில நூலையும் ஆங்கிலேய அதிகாரி பேட் தொகுத்த 1917-ஆம் ஆண்டு மாவட்ட விவரச்சுவடியையும் (கெசட்டியர்) ‘டின்னவேலி’ என்ற பழைய எழுத்துக்கூட்டலில் தேடித் தர வேண்டும் என்று இன்னொன்று. ஊர்ப் பெயரைச் சரியாக எழுதித் தேடியதனாலேயே இவ்விரண்டையும் நான் வெகுநாள் தவறவிட்டிருந்தேன்.

நோட்டில் அடங்காதவையும் உண்டு. ஒருநாள் வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் வந்து, “ஏதாவது சட்டப் புஸ்தகம் இருந்தா குடுங்க தம்பி” என்றார். மூத்த நூலகர் உடனே அலமாரிக்குப் போகவில்லை. யாருக்காக, எதற்காக என்று தாழ்ந்த குரலில் இரண்டொரு கேள்விகள் கேட்டு, தந்தையின் சொத்தில் பங்கு கேட்பதுதான் அவருடைய தேவை என்பதை அறிந்துகொண்டார். பிறகு, பூர்விகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை தந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம்பெறாத பழைய பதிப்பை ஒதுக்கிவிட்டுப் புதிய பதிப்பை எடுத்துத் தந்தார். பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன இளைய பணியாளர் பக்கத்து நாற்காலியில் இருந்து இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் காத்திருப்பது, பிறர் காதில் விழாமல் எப்படிக் கேட்பது என்பனவற்றை எந்தப் பட்டயப் படிப்பும் இவ்வாறு கற்றுத்தர முடியாது. சில வாரங்களுக்குப் பின் அதே பணியாளர், தேர்வுக்குப் படிக்க வந்து தயங்கி நின்ற ஒரு மாணவனிடம் அதே பொறுமையோடு பேசியதைக் கண்டபோது எனக்கு மனம் நிறைந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். படிப்பறையில் வெளிச்சம் போதாது. கோடையில் பிற்பகலில் உட்கார முடிவதில்லை. ஆட்பற்றாக்குறையால் இருவர் ஒரே மேசையில் அமரும் நாட்களும் குறைந்துவருகின்றன. என்னைப் பொறுத்தவரை இதுவே பெரிய குறை, ஏனெனில் மூத்தவருக்கு இன்னும் ஓராண்டுதான் பணி இருக்கிறது. நோட்டுக்கும் ஒரே பிரதிதான் உண்டு, அதன் ஓரங்கள் இப்போதே கிழியத் தொடங்கிவிட்டன. நகல் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன், மகிழ்ச்சியோடு இசைந்தார்கள். சனிக்கிழமைகளில் சென்று இதுவரை அறுபது பக்கங்களைப் படி எடுத்திருக்கிறேன்.