அனுபவமுள்ள டெவலப்பர்களுக்கான வகுப்பு என்று சொல்லி 185,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள், கவனம்

கொழும்பில் புது ஃப்ரேம்வொர்க் படிக்க வகுப்புத் தேடுகிற டெவலப்பர்மார் இதை முழுக்க வாசியுங்கள். காலி வீதியில் இருக்கிற ஒரு தனியார் ஐடி பயிற்சி நிலையம் என்னிடம் 185,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டது. முறைப்பாடு கொடுக்கப் போவதால் பெயர் போடவில்லை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் கொம்பனியின் பெரிய சிஸ்டம் ஒன்று இன்னும் வெப் அப் கட்டுவதற்கான கூகுளின் பழைய ஃப்ரேம்வொர்க்கான ஆங்குலர்ஜேஎஸ்ஸில்தான் ஓடுகிறது. கூகுள் அதற்கான ஆதரவை 2021 டிசம்பரோடு நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்பு ஓட்டை ஏதும் வந்தால் அவர்கள் அடைத்துத் தரமாட்டார்கள். அதைப் புது ஆங்குலருக்கு மாற்றுகிற பொறுப்பு எங்கள் டீமின் தலையில். பெயரில்தான் ஒற்றுமை, 2016இல் ஆங்குலர் 2 வந்தபோதே அடியிலிருந்து திரும்ப எழுதிவிட்டார்கள். பழையதின் ஸ்கோப், கொன்ட்ரோலர் என்று வருடக்கணக்காகப் பழகியவர்கள் புதியதின் கொம்போனென்ட், டைப்ஸ்கிரிப்ட், ஆர்எக்ஸ்ஜேஎஸ் என்று மாறவேண்டும். எங்களுக்கு லூப் என்றால் என்ன என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பழையதில் இப்படிச் செய்ததைப் புதியதில் எப்படிச் செய்வது, ஓடுகிற சிஸ்டத்தை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக எப்படி மாற்றுவது, இவ்வளவுதான் தேவை.

விளம்பரத்திலும் அதையேதான் போட்டிருந்தார்கள். இலவச அறிமுக வகுப்புக்குப் போனேன். அங்கே படிப்பிக்க வந்த சேரைப் பார்த்துத்தான் நம்பினேன். பழைய கோடையும் புதியதையும் ஒரே அப்பில் சேர்த்து ஓட்டலாமா என்று கேட்டதும், மனிதர் ஸ்லைடை மூடிவிட்டு வெள்ளைப் பலகையில் இரண்டு பெட்டி கீறி, இரண்டையும் இணைக்கிற அப்கிரேட் மொடியூல் நடுவில் எப்படி நிற்கும், எந்தப் பக்கத்தை முதலில் மாற்றினால் தலையிடி குறைவு, ரவுட்டிங்கில் எங்கே இடிக்கும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். கையால் செய்து பார்த்தவர் மட்டும்தான் அப்படிச் சொல்ல முடியும். வெளியே வந்தவுடன் கோர்டினேட்டர், "சேர்தான் அண்ணா முழுக் கோர்ஸும் எடுக்கிறார், பேசிக் ஒண்டும் இல்லை, வாறது எல்லாம் சீனியர் ஆக்கள்" என்றார். இன்றைக்கே கட்டினால்தான் இடம் நிச்சயம் என்றும் சொன்னார். 185,000 ரூபாய், கொம்பனி தந்த காசு இல்லை, என் சொந்தச் சம்பளம்.

முதல் வகுப்பிலேயே அந்தச் சேர் இல்லை. படிப்பு முடித்து அதிக நாள் ஆகாத ஒரு பெடியன் வந்தான். வேரியபிள் என்றால் என்ன என்று தொடங்கினான், பக்கத்தில் ஏ/எல் எழுதிவிட்டு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். பிறகு எல்லோரும் புது புரொஜெக்ட் உருவாக்கினோம். ஸ்லைடில் "ஆப் மொடியூல் ஃபைலைத் திறக்கவும்" என்று இருக்கிறது, எங்கள் லப்டொப் எதிலும் அப்படி ஒரு ஃபைல் இல்லை! 2023 நவம்பரில் வந்த ஆங்குலர் 17இலிருந்து புது புரொஜெக்ட், மொடியூல் தேவைப்படாத ஸ்டாண்டலோன் முறையில்தான் உருவாகும், அந்த ஃபைல் தானாக வராது. அவனோ இன்ஸ்டோல் பிழை என்று சொல்லி எல்லோரையும் பழைய வெர்ஷன் போட வைத்தான். ஆங்குலரில் புதிதாக வந்த சிக்னல்ஸ் பற்றிக் கேட்டால் "அது அட்வான்ஸ் கோர்ஸில வரும் சேர்". அதற்குத் தனிக் கட்டணமாம். அந்தப் பெடியனில் எனக்குக் கோபம் இல்லை, பழைய ஸ்லைடைக் கையில் கொடுத்து அவனை உள்ளே தள்ளியவர்கள்தான் குற்றவாளிகள்.

காசைத் திருப்பிக் கேட்கத் தொடங்கியதும் எல்லோருடைய குரலும் மாறிவிட்டது. முதலில் "சேருக்குச் சுகமில்லை, அடுத்த கிழமை வருவார்". அப்புறம் "அடுத்த பட்ச்சில சேர்த்துவிடுறம்". நேரில் போனால் மெனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார், கோல் எடுத்தால் கட் பண்ணுகிறார்கள், வட்ஸ்அப்பில் நீலக்குறி விழுகிறது, பதில் இல்லை. கடைசியில் அந்த அண்ணா அண்ணா என்ற கோர்டினேட்டர், ரிசீட்டைத் திருப்பிப் பாருங்கள் என்றார். பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில், கட்டிய காசு எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்று அச்சடித்திருக்கிறார்கள். முன்பக்கத்தில் யார் படிப்பிப்பது என்றும் இல்லை, எந்த வெர்ஷன் என்றும் இல்லை, 185,000 மட்டும் தெளிவாக இருக்கிறது. வகுப்புக் குரூப்பில் இதை எழுதினேன், உடனே என்னைத் தூக்கிவிட்டார்கள்.

சரி, கவனிக்க வேண்டியவை. படிப்பிப்பவரின் பெயரும் வெர்ஷன் நம்பரும் எழுத்தில் இல்லாமல் ஒரு சதமும் கட்டாதீர்கள். முழுக்காசையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம், நானும் அங்கேதான் போகிறேன்.

இன்னும் எழுத இருக்கிறது, இப்போது முடியவில்லை. அடுத்த பட்ச்சுக்கு அதே சேரின் படத்தோடு விளம்பரம் ஓடுகிறது, காசு கட்ட யோசிக்கிற யாரையாவது தெரிந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.