யாமல் பனிவெளியில் கூடாரமா, ஊர் வீடா?

ரஷ்யாவின் வடக்கே யாமல் தீபகற்பத்தில் கலைமான் மேய்க்கும் நெனெட்ஸ் மக்கள் தங்கள் கூம்புக் கூடாரத்தை ‘மியா’ என்பார்கள். நீண்ட மரக்கழிகளை வட்டமாகச் சாய்த்து, குளிர்காலத்தில் கலைமான் தோலை இரண்டு அடுக்காகப் போர்த்துவார்கள். உள்தோலின் உரோமம் உள்நோக்கி, வெளித்தோலின் உரோமம் வெளிநோக்கி. நடுவில் அடுப்பு. கட்டுவதும் பிரிப்பதும் பெண்களின் பொறுப்பு. மந்தை நகரும் நாளில் வீடு முழுவதும் சறுக்குவண்டிகளில் ஏறிவிடும். இவ்வளவு அறிவான வீட்டை நான் வேறெங்கும் அறிந்ததில்லை.

அதே தீபகற்பத்திலுள்ள யார்-சலே போன்ற ஊர்களில் வீடுகள் தூண்கள்மேல் நிற்கின்றன. வீட்டுச் சூடு தரைக்குள் இறங்கினால் அடியில் எப்போதும் உறைந்தே கிடக்கும் மண் இளகி, சுவரே சாய்ந்துவிடும். மின்சாரம், மருத்துவமனை, பள்ளி எல்லாம் பக்கத்தில். முதியவருக்கும் நோயாளிக்கும் இதுவே நல்லது, சந்தேகமில்லை.

ஆனால் வீடு நகராது, மந்தை நகரும். சோவியத் அரசு 1930களில் தொடங்கிய கூட்டுப்பண்ணை முறையோடு விடுதிப் பள்ளிகளும் வந்தன. இன்றும் மேய்ப்பர்களின் பிள்ளைகள் பலர் பள்ளிக்காலம் முழுக்கப் பெற்றோரைப் பிரிந்து விடுதியில்தான் வளர்கிறார்கள். அந்தப் பிரிவுதான் என்னை உறுத்துகிறது. மான் வைத்திருக்கும் குடும்பத்துக்கு நான் மியாவையே சொல்வேன். பள்ளிதான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.