தழும்பில்லாத ஆண் கருத்தடை சிகிச்சை: அரசு மருத்துவமனைச் சேவை குறித்து ஒரு மதிப்புரை

ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடை இருவார விழா நடக்கும். சென்ற ஆண்டு அந்த நாட்களில், திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள ஓர் அரசு மருத்துவமனையில் நான் தழும்பில்லாத கருத்தடை சிகிச்சை செய்துகொண்டேன். செலவு ஒன்றும் ஆகவில்லை. ஊக்கத்தொகையாக 1,100 ரூபாய் என் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. அறுவை அறையில் நான் இருந்தது இருபது நிமிடத்துக்கும் குறைவு. அந்த இருபது நிமிடத்துக்கு முழு மதிப்பெண் தருகிறேன். முன்னும் பின்னும் நடந்தவற்றுக்கு அப்படித் தர முடியாததால்தான் இதைச் சற்று நீட்டி எழுத வேண்டியிருக்கிறது. மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். இன்னும் பல பேர் அங்கே போக வேண்டும், அவர்களை நான் தடுத்ததாக ஆகிவிடக் கூடாது.

எனக்கு வயது 39. முக்கூடல் பக்கத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புத்தகம் ஆகியவற்றோடு சுற்றுவட்டார நர்சிங் ஹோம்களுக்கான படிவங்களும் அடித்துக் கொடுக்கிறேன். இந்தக் கடைசிச் செய்தி பின்னால் தேவைப்படும். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இளையது குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்ததால், பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் வேண்டாம், குழந்தை தேறட்டும் என்று மருத்துவரே தள்ளி வைத்தார். அதற்குப் பின் வந்த ஆறு ஆண்டுகளில், இருக்கிற வழிகளையெல்லாம் என் மனைவியின் உடம்பில்தான் சோதித்துப் பார்த்தோம். பத்தாண்டு தாங்கும் என்று சொல்லிக் கருப்பைக்குள் போட்ட காப்பர் டியை, உதிரப்போக்கு தாங்காமல் எட்டாவது மாதமே எடுக்க வேண்டியதாயிற்று. மாலா-என் மாத்திரை குமட்டலைக் கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசிக்குப் பிறகு மாதவிடாய் தாறுமாறாயிற்று. எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காப்பர் டியோடு பத்து வருடத்தை நிம்மதியாக ஓட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அத்தனை ஆண்டுகளில் என் பங்கு என்னவென்றால், மெடிக்கலில் ஆணுறை வாங்கியதும், வாங்கியதைப் பாதி நாள் பயன்படுத்தாமல் விட்டதும்தான்.

என் அறுவைக்கு முந்தைய ஆண்டு அவளுக்கு நாள் தள்ளிப்போனது. மூன்றாவது வேண்டாம் என்பதில் அவள் தெளிவாக இருந்தாள். நான் மருத்துவரிடம் போகாமல் முதலில் மருந்துக் கடைக்குப் போய், ‘கலைக்கிற மாத்திரை இருக்கா அண்ணாச்சி’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். சீட்டில்லாமல் தர முடியாது என்றார் கடைக்காரர். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்றும் விளக்கி, ‘முதல்ல ஸ்கேன் எடுத்துப் பாரும் வே’ என்று என்னைத் திருப்பி அனுப்பினார். அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அரசு மருத்துவமனையில் கருக்கலைப்பு இலவசமாகவே செய்யப்படுகிறது என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாது என்று ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்கு அழைத்துச் சென்றேன். கரு ஏழு வாரம், கருப்பையில்தான் இருந்தது. முதல் நாள் மிஃபிப்ரிஸ்டோன், பிறகு மிசோபிராஸ்டால் என்று மாத்திரையாலேயே முடிந்தது. மூன்றாம் நாள் இரவு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்தபோது, சுக்குவெந்நீர் போட்டுக் கொடுப்பதைத் தவிர எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

மாத்திரை தருவதற்கு முன் அங்கே நீட்டிய ஒப்புதல் படிவத்தில், அவளுடைய கையொப்பத்துக்குக் கீழே ‘கணவர் கையொப்பம்’ என்று ஒரு கோடு இருந்தது. நான் போட்டேன். தாளின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற சிறிய எழுத்தில், என் அச்சகத்தின் பெயர் இருந்தது.

1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பி மனநலத்தோடு இருக்கும் பெண்ணின் ஒப்புதல் ஒன்றே போதும். கணவரின் ஒப்புதலைச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தின் விதிகளோடு இணைந்த, ஒப்புதலுக்கான சி படிவத்திலும் கணவருக்கென்று கோடு கிடையாது. 2021இல் வந்த திருத்தம், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும் என்றும், குறிப்பிட்ட சில நிலைமைகளில் இருக்கும் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும் என்றும் வகுத்தது. கருத்தடை முறை பொய்த்துத் தங்கிய கரு பற்றிய பகுதியில், மணமான பெண்ணும் கணவரும் என்று இருந்த இடத்தில் எந்தப் பெண்ணும் அவருடைய இணையும் என்று மாற்றியதும் அந்தத் திருத்தமே. இதையெல்லாம் நான் படித்தது பின்னால்தான். படித்தபோது உறுத்தியது வேறொன்று. அந்த நர்சிங் ஹோமில், சட்டம் கேட்காத என் கையொப்பத்தைக் கேட்டு வாங்கினார்கள்; இனிமேல் நீ என்ன செய்வதாக இருக்கிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ‘அடுத்த மாசம் அவங்களுக்கு ஆபரேஷன் பண்ணிடலாம்’ என்று மருத்துவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: ‘ஆம்பளைக்கும் ஆபரேசன் உண்டும்லா?’ இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆயிற்று.

இனி சேவைக்கு வருகிறேன். மருத்துவமனை வாசலில் ‘குடும்ப நல ஆலோசனை’ என்று சிவப்பு முக்கோணத்தோடு ஒரு பலகை இருக்கிறது. அதன் அம்புக்குறியைப் பின்பற்றிச் சென்றால் பிரசவ வார்டு வருகிறது. வார்டின் கதவில் ‘ஆண்களுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதியிருக்கிறது. ஆலோசனை அறை அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கிறது. ஆண் கருத்தடை இருவார விழா என்று வாசலில் பேனர் கட்டியிருந்த அன்றைக்கும் காவலாளி என்னை நிறுத்தி, ‘பேறுகாலம் யாருக்கு?’ என்று கேட்டார். எனக்குத்தான் ஆபரேஷன் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று தெரியவில்லை. ஒரு சிஸ்டரைக் கூப்பிட்டுவிட்டார். கட்டடத்தைப் பற்றிச் சொல்வதற்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்த சிஸ்டரைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அரைமணி நேரம், அவசரப்படுத்தாமல் பேசினார். 60 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும், ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும் என்ற விதிகளைச் சொன்னார். திரும்ப இணைக்கும் அறுவை உண்டென்றாலும் அது பலிக்கும் என்று நம்ப முடியாது, ஆகவே நிரந்தரம் என்று நினைத்தே முடிவெடுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். மனைவியின் கையொப்பம் விதிப்படி தேவையில்லை என்றவர், ‘ஆனா அவங்களுக்குத் தெரியும்லா?’ என்றும் கேட்டுக்கொண்டார். கையொப்பமும் கலந்து பேசுவதும் வேறு வேறு என்பதை இவ்வளவு எளிதாகப் பிரித்துக் காட்டிய இன்னொருவரை நான் சந்திக்கவில்லை.

எனக்கு முன்னால் இருந்தவர் மூடை தூக்கும் தொழிலாளி. ‘நூறு கிலோ மூடை தூக்குதவன் தாயி, பெலம் போயிராதா?’ என்றார். ‘தூக்குத பெலம் கையில இருக்கு அண்ணாச்சி, நாங்க கையத் தொடப்போறதில்லையே’ என்றார் சிஸ்டர். பிறகு படத்தைக் காட்டி விளக்கினார். விந்தணு வரும் குழாய் மட்டுமே அடைபடுகிறது. ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் கலப்பதால் அதில் மாற்றம் ஏதும் இல்லை. விந்து நீரில் அணுக்களின் பங்கு மிகச் சிறியது என்பதால் வெளிவரும் அளவிலும் வேறுபாடு தெரியாது. உண்டாகும் அணுக்களை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும்.

அறுவை அப்படியே சொன்னபடி நடந்தது. விதைப்பையின் மேல் மரத்துப்போக ஊசி போட்டபோது சுருக்கென்றது. அதன்பின் வலி இல்லை, அடிவயிற்றில் யாரோ நூலைப் பிடித்து இழுப்பது போன்ற ஓர் உணர்வு மட்டும் இருந்தது. கத்தியே எடுக்கவில்லை. கூர்முனை இடுக்கியால் ஒரு சிறு துளையிட்டு, குழாயை வெளியே எடுத்து, வெட்டிக் கட்டி உள்ளே விட்டு, அதே துளை வழியாக அடுத்த பக்கத்தையும் முடித்தார்கள். தையல் கிடையாது, ஒரு துண்டுப் பஞ்சும் பிளாஸ்திரியும்தான். சீனாவில் 1974இல் லி ஷுன்சியாங் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை இது. பெண்ணுக்கான அறுவையில் வயிற்றைத் திறந்துதான் கருக்குழாயைத் தொட முடியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் எது முதலில் வர வேண்டும் என்று தாங்களே சொல்லிவிடுவார்கள். நான் அரைமணி நேரம் படுத்திருந்துவிட்டு நடந்தே வெளியே வந்தேன். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் சைக்கிளும் பாரமும் கூடாது. அச்சகத்தில் காகிதக் கட்டுகளைத் தூக்குவதற்கு மைத்துனன் வந்து நின்றான்.

வீட்டில்தான் சிரமம். ‘ஏலே, உழைக்கிற உடம்புல ஆயுதம் படலாமா, அவளுக்கே பண்ணிவிட்ருலாம்லா’ என்றார் அம்மா. முப்பது வருடம் பீடி சுற்றி எங்களை வளர்த்தவர் அவர். இதைச் சொன்னபோதும் மடியில் சுளவும் வெட்டிய இலையும் இருந்தன. உழைக்கிற உடம்பு யாருடையது அம்மா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவைக் குறை சொல்லியும் பயனில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு இந்த அறுவை செய்யப்பட்டது. அதில் நடந்த கட்டாயத்தின் நினைவு இன்றும் ஆண்களை விரட்டுகிறது. அதற்குப் பிறகு ஆட்சியாளர்கள் ஆண்களைத் தொடவே அஞ்சினார்கள், பாரம் முழுவதும் பெண்கள் பக்கம் சாய்ந்தது. 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் தாங்கள் அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்காக என்று பெரியார் வாதாடிய மண்ணில் அந்த விடுதலைக்கான வேலையையும் பெண்ணையே செய்யச் சொல்லியிருக்கிறோம்.

இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி அறுவைக்குப் பின்னால் வருவது. குழாயில் ஏற்கெனவே இருக்கும் அணுக்கள் தீர மூன்று மாதமாகும்; அதுவரை ஆணுறை கட்டாயம், அதன்பின் விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று வந்தால்தான் சான்றிதழ். அந்த மூன்று மாதத்துக்கான நிரோத் ஆணுறை வைக்கும் சுவர்ப் பெட்டி நான் போன மூன்று முறையும் காலியாக இருந்தது. 1960களின் இறுதியிலிருந்து நிரோத் தயாரிக்கும் தொழிற்சாலை மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். பரிசோதனை நாளில் ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்துப் பொதுக் கழிப்பறையைக் காட்டினார்கள். வெளியே சர்க்கரைப் பரிசோதனைக்காகக் கர்ப்பிணிகள் வரிசையில் நிற்க, தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு காலால் அடைத்துக்கொண்டு நின்ற நிலையில் அந்தப் பரிசோதனைக்கு எவனாலும் ஒத்துழைக்க முடியாது. நான் வெறுங்குப்பியோடு திரும்பினேன். பக்கத்தில் எங்காவது தங்கி, மாதிரியை எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து கொடுக்கலாம் என்பதை அடுத்த வாரம் சிஸ்டர்தான் சொன்னார். அறுவை முடிந்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பரிசோதனைக்குத் திரும்புவதே இல்லை என்று வருத்தப்பட்டார். பரிசோதிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு கரு தங்கினால், பழி மறுபடியும் பெண்ணின் மேல்தான் விழும், அதுவும் எந்த வகையில் விழும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

போக நினைப்பவர்கள் ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், இறுக்கமான உள்ளாடை மூன்றையும் கொண்டு செல்லுங்கள். ஆணுறையைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவலாளியிடம் பலகையைப் பற்றி விவாதிக்க வேண்டாம், குடும்ப நல சிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். என்னுடைய பரிசோதனை முடிவு பூச்சியம் என்று வந்தது, சான்றிதழ் கையில் இருக்கிறது.

இந்த மாதம் வேறொரு நர்சிங் ஹோமிலிருந்து கருக்கலைப்பு ஒப்புதல் படிவம் ஐந்நூறு தாள் வேண்டும் என்று மாதிரி அனுப்பியிருந்தார்கள். ‘கணவர் கையொப்பம்’ என்ற கோட்டை எடுத்துவிட்டு, சட்டத்தின் சி படிவத்தையும் இணைத்து ப்ரூஃப் அனுப்பினேன். விடுபட்டுப் போன கோட்டைச் சேர்த்து அடிக்கவும் என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தாள் மேசையில் இருக்கிறது. இன்னும் மெஷினில் ஏற்றவில்லை.