காகிதமா, வாட்ஸ்அப் லிங்க்கா, களத்தில் கைபேசியா: சந்தை ஆய்வுக்கு எம்.டி.யிடம் எதைக் கேட்கலாம்?

மசாலாத்தூள், சோப்பு, நல்லெண்ணெய் என்று வீட்டுக்குப் பொருள் விற்கும் நடுத்தர நிறுவனத்தில் சந்தை ஆய்வுக்குப் பணம் கேட்டால், "பழையபடி பேப்பரிலேயே எடுங்க" என்பார் ஒருவர். "கூகுள் ஃபார்ம் லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாமே, இலவசம்தானே" என்பார் இன்னொருவர். சேல்ஸ் தலைவரோ, "நம்ம பசங்க தினமும் கடைக்குப் போறாங்க, தனியா ஆய்வு எதுக்கு?" என்பார். நான் கேட்கச் சொல்வது, பயிற்சி பெற்ற களப்பணியாளர் ஆண்ட்ராய்டு போனோடு வீட்டுக்கே போய் எடுக்கும் நேர்காணல்.

சேல்ஸ் தலைவரின் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. கிடங்கிலிருந்து கடைக்குப் போன சரக்கு அவருடைய ஆட்களுக்குத் தெரியும். கடையிலிருந்து சமையலறைக்கு எது போனது, அடுத்த மாதம் ஏன் வேறு பிராண்ட் வந்தது என்பது தெரியாது. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக ஸ்டாக்கிஸ்ட்டிடம் தள்ளிய பெட்டியும் அவர்கள் கணக்கில் விற்பனையாகவே நிற்கும்.

லிங்க் அனுப்பும் யோசனை செலவில்லாதது போலத் தோன்றும். ஆனால் யாருக்கு அனுப்புவது? கையில் இருப்பது ஏற்கெனவே நம் பொருளை வாங்குபவர்களின் எண்கள். வாங்காதவர் ஏன் வாங்கவில்லை என்று அவர்களிடம் கேட்க முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருப்பதாகச் சொன்ன 15 முதல் 49 வயதுப் பெண்கள் இந்திய அளவில் ஏறக்குறைய 54 சதவீதம். தமிழ்நாட்டில் இது கூடுதல்தான். ஆனாலும் சாம்பார்பொடி வாங்குவது அம்மா, போன் இருப்பது மகன் கையில் என்ற வீடுகள் ஏராளம். பதில் சொன்னது யார் என்று லிங்க் காட்டிக்கொடுக்காது.

செலவும் முழுக்க இல்லாமல் போகாது. லிங்க்கை நிறுவனத்தின் பெயரில் எஸ்.எம்.எஸ். ஆக அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயர், செய்தி வாசகம், அதிலுள்ள இணைப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிய வேண்டும். தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். 70 குறியீடுகள்தான். புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால், சாதாரணமான இரண்டு வரியே இரண்டு எஸ்.எம்.எஸ். ஆகிவிடும். வாட்ஸ்அப் வணிகக் கணக்கில் ஒரு செய்திக்கு மூன்று பதில் பட்டன் வரைதான் நேரடியாகத் தெரியும். "கட்டாயம் வாங்குவேன்" முதல் "வாங்கவே மாட்டேன்" வரையான ஐந்து படிகளுக்குப் பட்டியல் முறைக்குப் போக வேண்டும். அதைத் திறந்து தேர்ந்தெடுக்காமலேயே பலர் விட்டுவிடுவார்கள்.

ஆகவே உண்மையான போட்டி காகிதத்துக்கும் கைபேசிக்கும்தான். வேகம், டேட்டா என்ட்ரிச் செலவு, அச்சுச் செலவு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வாதங்கள். 60 கேள்வி, 600 நேர்காணல் என்றால் 36,000 பதில்கள்; இருமுறை தட்டச்சு செய்து ஒப்பிட்டால் 72,000. இந்த ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எம்.டி.யிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது வேறு: களத்தில் நடந்த தவறு எந்த நாளில் நமக்குத் தெரியவருகிறது?

காகிதத்தில் தவறு தெரிவது தட்டச்சு முடிந்த பிறகு. அதற்குள் குழு அந்த ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கும். சந்தேகமான 50 படிவங்களுக்காகத் திரும்பிப் போகப் பணமும் இருக்காது, நாளும் இருக்காது. அந்த எண்களையே வைத்து அறிக்கை போய்ச் சேரும், அதை நம்பி 10 ரூபாய் பாக்கெட்டின் எடையைக் குறைக்கும் முடிவும் எடுக்கப்படும்.

கைபேசியில் அன்று மாலையே தெரியும். ஓ.டி.கே., சர்வேசி.டி.ஓ. போன்ற செயலிகள் சிக்னல் இல்லாத ஊரிலும் பதிவு செய்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்பிவிடும். மேற்பார்வையாளர் ஏழு மணிக்கு உட்கார்ந்து பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது நேரம். 20 நிமிடப் படிவம் 7 நிமிடத்தில் முடிந்திருந்தால் அதைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டாவது இடம். ஐந்து நேர்காணல்களின் ஜி.பி.எஸ். புள்ளி ஒரே டீக்கடையில் விழுந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டுப் பழி போடக் கூடாது: அடுக்குமாடிக் குடியிருப்பிலும் புள்ளிகள் ஒன்றாகத்தான் விழும், வீட்டுக்குள் 20, 30 மீட்டர் பிசகும்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. "கடந்த மூன்று மாதத்தில் ரெடிமேட் மசாலா வாங்கினீர்களா?" என்பதற்கு 'இல்லை' என்று போட்டால் அடுத்த பத்துக் கேள்விகள் தாண்டிப் போய்விடும் என்பதைக் களப்பணியாளர் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார். ஆள்வாரியாக அந்த ஒரு கேள்வியின் 'இல்லை' விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்கு 20 சதவீதமும் ஒருவருக்கு மட்டும் 55 சதவீதமும் வந்தால் மறுநாள் காலை அவரோடு மேற்பார்வையாளர் போக வேண்டும். நான்காவது ஒலிப்பதிவு. முழு நேர்காணலும் தேவையில்லை, ஏதாவது இரண்டு கேள்விக்குச் சில நொடிகள் போதும். ஆனால் பதிவாகும் என்பதை முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்.

அந்தச் சம்மதம் வெறும் மரியாதைக்காக மட்டும் அல்ல. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பெயரும் போன் எண்ணும் ஒரு கோப்பில், பதில்கள் வேறொரு கோப்பில், இரண்டையும் இணைக்க ஓர் அடையாள எண். இதை முன்மொழிவிலேயே எழுதிவிட்டால் சட்டப் பிரிவு பிறகு நிறுத்தி வைக்காது.

கைபேசி சறுக்கும் இடங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். படிவத்தைப் பாதியில் திருத்தினால் நால்வர் பழைய பதிப்பிலும் நால்வர் புதியதிலும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். காலையில் கிளம்புமுன் எல்லோர் போனிலும் பதிப்பு எண்ணைச் சரிபார்ப்பதுதான் ஒரே வழி. "ஏன் பிடிக்கவில்லை" போன்ற திறந்த கேள்விகளுக்குத் தமிழில் தட்டச்சு செய்யச் சொன்னால் இரண்டு சொல்லோடு நின்றுவிடும், ஒலியாகப் பதிவது மேல். பாக்கெட் வடிவமைப்பை ஆறு அங்குலத் திரையில், மதிய வெயிலில் காட்டிக் கருத்துக் கேட்பது வீண் வேலை. அதற்கு மட்டும் லேமினேட் செய்த அட்டை காகிதத்திலேயே இருக்கட்டும்.

செலவை இப்படி வையுங்கள். எட்டுப் பேருக்கு உபரி ஒன்றும் சேர்த்து ஒன்பது போன், தலா 9,000 ரூபாய் என்றால் 81,000. பவர் பேங்க், சிம், செயலிக் கட்டணம் தனி. போன்களின் விலையை முதல் ஆய்வின் தலையிலேயே கட்டிவிட்டால் காகிதம் மலிவாகத் தெரியும். இரண்டு ஆண்டில் செய்யப்போகும் ஆய்வுகளுக்குப் பிரித்துக் காட்டுங்கள். அதைவிட முக்கியம், நேர்காணல் ஒன்றுக்கு எவ்வளவு என்று போடாமல், சரிபார்ப்பில் தேறிய நேர்காணல் ஒன்றுக்கு எவ்வளவு என்று போடுவது. ஃபைனான்ஸ் தலைவருக்கு உடனே புரியும் எண் அதுதான்.

நேரடியாகப் பெரிய தொகை கேட்க வேண்டாம். ஏற்கெனவே முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு விஷயத்தை எடுங்கள், விலையோ பாக்கெட் அளவோ. ஒரே மாவட்டத்தில், ஒரே வினாத்தாளோடு, 100 நேர்காணல் காகிதத்திலும் 100 கைபேசியிலும் எடுத்துக்காட்டுங்கள். களம் முடிந்து அட்டவணை வர எத்தனை நாள், எத்தனை நேர்காணல்கள் தள்ளுபடியாயின, அவை எந்த நாளில் பிடிபட்டன, தேறியதற்கு என்ன செலவு என்ற நான்கு எண்கள் போதும். அந்த 100ஐ வைத்துச் சந்தையைப் பற்றி யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். 100 பேர் என்றால் பிழை வரம்பு, அதாவது கிடைத்த சதவீதம் உண்மையிலிருந்து இருபக்கமும் பிசகக்கூடிய அளவு, ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளி, 400 பேர் என்றால் 5.

"இதெல்லாம் நம்ம அளவுக்கு ஒத்துவருமா?" என்று கேட்டால், தேசியக் குடும்பநல ஆய்வே காகிதத்தை விட்டுக் கணினிக் கருவிகளுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன, 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் கைபேசிச் செயலிதான் என்று சொல்லலாம்.

வாட்ஸ்அப்புக்கும் ஓர் இடம் உண்டு. வீட்டில் நேர்காணல் கொடுத்தவர்களில் சம்மதித்தவர்களிடம் ஒரு மாதம் கழித்து, "அந்தப் பாக்கெட்டை மறுபடி வாங்கினீர்களா?" என்று மூன்று பட்டனில் கேட்கலாம். யார் பதில் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் அங்கே குறைவு. இப்படியொரு குழுவை ஓராண்டுக்கு மேல் கலையாமல் வைத்திருக்க முடியும் என்று மட்டும் நான் உறுதி தர மாட்டேன். அதனால் முதல் முன்மொழிவில் அதற்குப் பணம் கேட்காமல், சம்மதம் வாங்கும் ஒரு கேள்வியைப் படிவத்தின் கடைசியில் சேர்த்து வைத்தால் போதும்.