பி.கே.எம்.1 தக்காளி விதை அருமை, மாடித்தோட்டக் கிட் வேண்டாம்

ஆனியில் மாடித்தோட்டக் கிட் ஒன்று வாங்கினேன். பத்து குரோ பேக் (செடி வளர்க்கும் பை), 5 கிலோ கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டி, மண்புழு உரம், நாலைந்து விதைப் பாக்கெட், எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். தக்காளி விதை மட்டும் அதில் இருந்ததை விட்டுவிட்டு பி.கே.எம்.1 தனியாக வாங்கினேன், அம்மாவுக்கு ரசத்துக்குப் புளிப்பான தக்காளிதான் வேண்டும்.

முதலில் கிட். பை 12 அங்குலம் என்று போட்டிருந்தது, மண் நிரப்பி அளந்தால் அகலம் பத்துகூட இல்லை. மூன்று பையில் கைப்பிடித் தையல் முதல் மாதமே விட்டுப்போனது. இதைவிடப் பெரிய குறை கோகோபீட். உப்பு போக அலசிய கோகோபீட், அப்படியே பயன்படுத்தலாம் என்றார்கள், நம்பி நாலு நாற்றை நட்டேன், ஒரே வாரத்தில் இலை ஓரமெல்லாம் தீய்ந்துவிட்டது. மீதியை ஊறவைத்துப் பிழிந்தால் டீத்தண்ணி மாதிரி இறங்கியது. மூன்று முறை தண்ணீர் மாற்றி உப்பு போன பிறகு, செம்மண்ணும் மண்புழு உரமும் ஒரு கை வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நட்ட செடிகள்தான் பிழைத்தன. உரம் பரவாயில்லை.

இப்போது விதை. பி.கே.எம். என்றால் பெரியகுளம். அங்கே உள்ள தோட்டக்கலைக் கல்லூரியில் அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து, மரபணுவில் திடீர் மாற்றம் உண்டாக்கி உருவாக்கியது. ஆடிப்பட்டத்தில் குழித்தட்டில் போட்டேன், ஆறாம் நாள் முளைப்பு, 25 நாளில் பைக்கு மாற்றினேன். ஓரளவுக்கு மேல் உயராத புதர்ச்செடி, அதனால் வீடியோவில் காட்டுவதுபோல் பக்கக்கிளையைக் கிள்ளிப்போடாதீர்கள், காய்ப்பே அதில்தான் இருக்கிறது. காய் ஏறியதும் சாயும், மூன்றடிக் குச்சி ஒன்று போதும்.

காய் தட்டை உருண்டை, பழுத்து வரும்போதும் காம்பைச் சுற்றி ஒரு பச்சை வளையம் நிற்கும். பழுக்கவில்லை என்று காத்திருந்து முதல் இரண்டு பழத்தை வெடிக்கவிட்டேன், நீங்கள் அப்படி விடாதீர்கள். காலையில் பறித்துவிட்டு வந்தால் விரலெல்லாம் பச்சைக்கறை, கை கழுவினால் தண்ணீர் மஞ்சளாக ஓடும், அந்த வாசனை மதியம் வரை போகாது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ரசத்துக்கு இரண்டு பழம் போட்டால் புளியைப் பாதியாகக் குறைக்கலாம்.

பிரச்சினையே இல்லை என்று சொல்லமாட்டேன். இலைச்சுருட்டை நோய் ஒரு செடிக்கு வந்தது, வெள்ளை ஈதான் அதைப் பரப்பும், உடனே பிடுங்கிப் போட்டுவிட்டு மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டு தொங்கவிட்டேன். அப்புறம், ஊருக்குப் போய் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டதில் அந்தச் சின்னப் பை காய்ந்துபோய் ஏழெட்டுக் காய்க்கு அடிப்பக்கம் கறுத்து அழுகியது. தண்ணீர் சீராகக் கிடைக்காவிட்டால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராது, அதனால் வருவது. காய்ந்த இலையை மூடாக்காகப் போட்ட பிறகு வரவில்லை.

கடைசியில் தங்கிய எட்டுச் செடியில் மார்கழி வரை கிட்டத்தட்ட ஒன்பது கிலோ. விதைக்கு ஐந்துக்கு ஐந்து, கிட்டுக்கு ஒன்றரை. பையைத் தடிமன் பார்த்து, கையால் அளந்து தனியாக வாங்குங்கள்.

இது இரண்டு ரகத்தைக் கலந்து எடுக்கும் வீரிய ஒட்டுரகம் (ஹைப்ரிட்) இல்லை, எடுத்து வைக்கும் விதையும் அதே குணத்தோடு வரும். நல்ல பழமாக நாலு பிழிந்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு அலசி, நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறேன், தைப்பட்டத்துக்கு அதுதான்.