குரல் கம்மலுக்கு டார்ச் அடித்துப் பார்த்து மருந்து எழுதுகிறார்களா? உஷார்!

என் அக்கா பள்ளி ஆசிரியை. சளி பிடித்துக் குரல் கம்மியது. சளி போன பிறகும் குரல் மட்டும் திரும்பவில்லை. கிளினிக் டாக்டர் நாக்கை அழுத்திப் பிடித்து, டார்ச் அடித்துப் பார்த்து, "இன்ஃபெக்‌ஷன்தான்" என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். கேட்கவில்லை என்றதும் வேறொரு ஆன்டிபயாடிக், அப்புறம் அசிடிட்டி மாத்திரை, கடைசியில் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டில் வீக்கம் வடிந்து குரல் வந்தது. அக்கா வழக்கம்போல் வகுப்பெடுத்தார். மாத்திரை முடிந்ததும் முன்பைவிட மோசமாகக் கட்டிக்கொண்டது. "கிசுகிசுவென்று பேசுங்கள்" என்று வேறு அந்த டாக்டர் சொல்லி அனுப்பினார். அழுத்திக் கிசுகிசுத்தால் பலருக்குக் குரல்வளை இன்னும் இறுகும். அதைக்கூட அவர் யோசிக்கவில்லை.

இத்தனை மாத்திரை எழுதியவர், அதிர்ந்து குரலை எழுப்பும் குரல் நாணை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான். டார்ச் வெளிச்சத்தில் தெரிவது தொண்டையின் பின்சுவர். குரல் நாண் அதற்கும் கீழே, குரல்வளைக்குள் இருக்கிறது. வாயைத் திறந்து பார்த்தால் அது கண்ணில் படவே படாது.

பிறகு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டு, "ஈ... என்று இழுங்கள்" என்றார். திரையில் வெள்ளை நாடா போல இரண்டு நாண்கள் சேர்ந்து சேர்ந்து விலகின. இரண்டின் விளிம்பிலும், நேர் எதிரெதிரே, சின்ன முடிச்சு. அதனால் நாண்கள் முழுதாக மூடாமல் காற்று கசிகிறது. சத்தமாகப் பேசிப் பேசியே வருவது. ஆசிரியர்களுக்கும் பாடுபவர்களுக்கும் அதிகம். கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான். அதை அக்கா இப்போது செய்துகொண்டிருக்கிறார். குரல் மெல்லத் தெளிகிறது.

சளியோடு வரும் குரல் கம்மல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. குரலுக்கு ஓய்வு கொடுத்து, நிறையத் தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமாமல் இருந்தால் பெரும்பாலும் 2, 3 வாரங்களில் தானே சரியாகும். 4 வாரம் தாண்டியும் சரியாகவில்லை என்றால் குரல் நாணைப் பார்த்தே ஆக வேண்டும். புகைபிடிப்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர், விழுங்க முடியாதவர், இருமலில் ரத்தம் வருபவர், தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் மாறியவர் அந்த 4 வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறினால் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். குரல் நாணில் வரும் புற்றுநோய்க்கு முதல் அறிகுறியே பெரும்பாலும் குரல் கம்மல்தான். ஆரம்பத்தில் பிடித்தால் கதிர்வீச்சோ லேசர் சிகிச்சையோ மட்டுமே பலருக்குப் போதும். அப்படிப்பட்ட ஒருவருக்கு இதே மாத்திரைகளைக் கொடுத்து மாதக்கணக்கில் இழுத்தடித்திருந்தால்?

டாக்டரிடம் போகும் முன் போன் செய்து, குரல் நாணைக் கேமராவில் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது இருக்கும் இடத்துக்குப் போங்கள்.