ஐடில் நிற்காத பைக்கும் கனடாவிலிருந்து வந்த ஜெட்டும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிச் சிக்னலில் பைக் நின்றுபோனால், பின்னால் நிற்கிற பஸ்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கமாட்டார். அந்தச் சத்தத்தை நான் ஒரு வருடத்துக்கு மேல் கேட்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய யப்பான் டூ ஸ்ட்ரோக், 125 சீசீ, மண்பாதையில் ஓடுகிற வகை. பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டர் மிக்குனி கம்பனியினுடையது, வட்ட ஸ்லைட் வகை, வி.எம். என்பார்கள். ஸ்லைட் என்பது அக்சிலேட்டரோடு ஏறி இறங்குகிற துண்டு. இடையில் அசலைப் பார்த்துச் செய்த ஒரு கொப்பிக் காபரேட்டர் ஐந்து மாதம் இருந்தது. இரண்டோடும் பட்டதை எழுதுகிறேன்.

கதை 2022இல் தொடங்குகிறது. எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டுக்கு அளந்து பெற்றோல் தந்த காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அதை மனைவியின் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு இந்த பைக்கைச் சுவரோரம் தள்ளி வைத்தேன். காபரேட்டரில் கிடந்த பெற்றோலை வடிக்கவில்லை. அந்த ஒரு சோம்பலுக்குத்தான் இவ்வளவும். பதினொரு மாதம் கழித்துத் திறந்தால், காபரேட்டருக்குள் பெற்றோல் தங்குகிற ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் பனங்கட்டிப் பாகு மாதிரி மஞ்சளாக ஒன்று ஒட்டியிருந்தது.

சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும். சோக்கை எடுத்த உடனே நின்றுவிடும். இது ஸ்லோ ஜெட், அதாவது ஐடிலில் (அக்சிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது) பெற்றோல் விடுகிற சின்னத் துளையுள்ள துண்டு, அடைத்ததன் அடையாளம் என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த வகை மிக்குனியில் சோக் என்பது காற்றை மறைக்கிற தகடு இல்லை. தனியாக ஒரு சின்னப் பாதை, அதுவே மேலதிகமாகப் பெற்றோல் கொடுக்கும். ஸ்லோ ஜெட் செத்தாலும் அந்தப் பாதையால் எஞ்சின் மூச்சுவிடும்.

ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஒரு பொட்டு வெளிச்சமும் வரவில்லை. கிளட்ச் கேபிளிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்து உள்ளே விட்டுக் குத்தினேன். வெளிச்சம் வந்தது, சந்தோஷமாகப் பூட்டினேன். ஜெட் பித்தளை, கேபிள் இழை உருக்கு. நான் துளையைச் சுத்தம் செய்யவில்லை, பெரிதாக்கியிருந்தேன்.

அதற்குப் பிறகு எஞ்சின் ஐடிலில் அணையாமல் ஓடியது, ஆனால் தட்டுத்தடுமாறி, வெள்ளைப் புகையோடு. ப்ளக்கைக் கழற்றினால் கரி பிடித்து ஈரமாக இருக்கும். ஐடிலுக்குப் போகிற காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஏயர் ஸ்க்ரூவை மூன்று சுற்று வெளியே எடுத்தும் சரிவரவில்லை. ஸ்க்ரூவை முழுக்க உள்ளே விட்டு அங்கிருந்து ஒன்று முதல் இரண்டு சுற்றுக்குள் நல்ல ஐடில் கிடைக்கவேண்டும். இரண்டரைக்கு மேல் கேட்கிறது என்றால் ஜெட் பெரிது, அரைச் சுற்றுக்குள்ளேயே நல்ல ஐடில் வந்துவிடுகிறது என்றால் ஜெட் சிறிது.

சரி, ஜெட் வாங்கலாம் என்று உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ஜெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு கடை ஏறி இறங்கினேன். "தனி ஜெட் இல்லை தம்பி, செட்டாகத்தான் இருக்கு." கடைசிக் கடையில் முழுக் காபரேட்டரையே எடுத்துக் காட்டினார்கள். அசல் மாதிரியே இருந்தது. வாங்கினேன்.

நியாயமாகச் சொல்லவேண்டும்: முதல் இரண்டு மாதம் அது அருமையாக வேலை செய்தது. ஒரு உதையில் ஸ்டார்ட், சிக்னலில் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நிற்கும். மூன்றாம் மாதம் வாகனம் நிறுத்துகிற இடத்தில் பெற்றோல் மணக்கத் தொடங்கியது. கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை நிறுத்துகிற ஃப்ளோட் வால்வு சரியாக மூடவில்லை, இரவில் பெற்றோல் டெப்பை அடைக்க மறந்தால் காலையில் தரையில் ஒரு வட்டம். நான்காம் மாதம் ஐடில் தன் பாட்டுக்கு அலைந்தது. ஒரு சிக்னலில் கூடுதல், அடுத்ததில் நின்றுவிடும். கழற்றிப் பார்த்தால் ஸ்லைட் அதன் கூட்டுக்குள் ஆடுகிறது. ஒவ்வொரு தடவை அக்சிலேட்டரை விடும்போதும் வேறு இடத்தில் போய் உட்கார்ந்தால் ஐடில் எப்படி ஒரே மாதிரி இருக்கும்? அதற்குச் செட்டிங் கிடையாது.

இந்தக் கட்டத்தில்தான் மச்சான் உள்ளே வருகிறார். மனைவியின் அண்ணன், கனடாவில் சட்பரியில் இருக்கிறார். அங்கே பனிக்காலத்துக்கு ஒரு பழைய ஸ்னோமொபைல், பனியில் ஓடுகிற வண்டி, வைத்திருக்கிறார், டூ ஸ்ட்ரோக், இரண்டு மிக்குனி. வீடியோ கோலில் என் ஜெட்டைக் கமெராவுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "மச்சான், இதே ஜெட்தான் எனக்கும். இஞ்ச ஸ்னோமொபைல் கடையில பெட்டி பெட்டியா கிடக்கு. எத்தின நம்பர் வேணும் எண்டு சொல்லும்."

ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மாமியின் சூட்கேஸில், சொக்லேட் பக்கெட்டுகளுக்கு நடுவில், ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் ஸ்லோ ஜெட்டுகள், நம்பர் கூடக் கூடத் துளை பெரிது: 22.5, 25, 27.5, 30, ஒவ்வொன்றிலும் ஒன்று. பழைய மிக்குனியை எடுத்து, கார்பரேட்டர் கிளீனரில் கழுவி, எல்லாத் துளைக்குள்ளும் காற்றடித்து, 25ஐப் போட்டேன். கம்பி எதையும் கிட்டக் கொண்டுபோகவில்லை.

மச்சானோடு பேசியதில் ஒன்று நன்றாக விளங்கியது. அவருடைய தலைவலியும் என்னுடையதும் ஒரே ஸ்க்ரூவில் இருந்தாலும் காரணம் எதிரெதிர். மைனஸ் 20 பாகையில் காற்று, கொழும்பின் 30 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி கூட. அதனால் அவருக்குப் பெரிய ஜெட் வேண்டும். அங்கே மைனஸ் 25 காலையில் வைத்த செட்டிங், மைனஸ் 5 வெயிலில் புகை கக்குமாம். அதோடு இரண்டு காபரேட்டரின் ஸ்லைட்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவு எழும்பவேண்டும். அவர் ஒரு துளையிடும் பிட்டின் பின்பக்கத்தை இரண்டுக்கும் அடியில் மாறி மாறி வைத்துப் பார்ப்பார். ஐடிலைக் கூட்டி வைத்துச் சமாளிக்கவும் அவருக்கு வழியில்லை, கூட்டினால் கிளட்ச் பெல்ட்டைப் பிடித்து வண்டி தானாக நகரப் பார்க்கும். கொழும்பில் அந்தக் கஷ்டம் இல்லை. வருடம் முழுக்க அநேகமாக ஒரே வெப்பம், கடல் மட்டம். ஒருதரம் சரியாக வைத்தால் அப்படியே நிற்கும் என்று நினைத்தேன்.

நிற்கவில்லை. அக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இரண்டு மூன்று விநாடி கத்திவிட்டு மெதுவாக இறங்கியது, எஞ்சின் சூடான பிறகு மட்டும். நான் வழக்கம்போல ஐடில் வேகத்தை வைக்கிற ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பினேன். சூட்டில் குறைத்தால் குளிரில் நின்றுவிடும், குளிரில் கூட்டினால் சூட்டில் கத்தும், கியர் போடும்போது 'டக்' என்று அடிக்கும். தெமட்டகொடையில் பைக் திருத்துகிற ஒரு பாஸிடம் கொண்டுபோனேன், நல்ல வேலைக்காரர். ஆனால் அவர் கையில் வருவதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். அவற்றில் பலவற்றுக்கு அந்தச் சின்ன ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருக்கும், வெளியே திருப்பினால் பெற்றோல் கூடும். என்னுடையதில் ஏயர் ஃபில்டர் பக்கம், வெளியே திருப்பினால் காற்றுக் கூடும். அவர் பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி, வறண்ட கலவையை, அதாவது பெற்றோல் குறைந்து காற்றுக் கூடினதை, இன்னும் வறளவைத்துவிட்டார். டூ ஸ்ட்ரோக்கில் வறட்சி கூடினால் பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடிக்கும், அதுதான் பயம்.

மச்சானிடம் திரும்பவும் போன். "ஸ்க்ரூவை விடும். முதல் எங்க காத்து ஒழுகுது எண்டு பாரும்."

ஞாயிறு மாலை, ஐடிலில் ஓடவிட்டுக் காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பரைச் சுற்றிக் கிளீனரைத் துளித் துளியாக அடித்தேன். சைலன்சர் பக்கம் படாமல் அடிக்கவேண்டும், நெருப்பு விஷயம். மேலே ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஒன்றுமில்லை. அடிப்பக்கம் பட்ட உடனே, கிளீனர் உள்ளே இழுபட்டு, எஞ்சின் சத்தம் மாறியது. கழற்றி விரலால் வளைத்தால், நகம் வெட்டின பிறை அளவுக்கு ஒரு வெடிப்பு. வளைக்காமல் பார்த்தால் தெரியவே தெரியாது. கடற்காற்றும் வயதும் சேர்ந்து ரப்பரைக் காயவைத்திருக்கின்றன. கொப்பிக் காபரேட்டரின் ஐடில் அலைந்ததற்கும் இதற்குப் பங்கு இருந்திருக்கலாம். அதைத் திட்டினதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஸ்லைட் ஆடினது மட்டும் என் கண்ணால் பார்த்தது.

புது ரப்பர் போட்ட அன்று செய்த செட்டிங்தான் இன்றைக்கும். பம்பலப்பிட்டி வரை போய் வந்து எஞ்சினை நன்றாகச் சூடாக்கினேன். ஏயர் ஸ்க்ரூவை மெல்ல முழுக்க உள்ளே விட்டு, அழுத்தாமல், ஒன்றரைச் சுற்று வெளியே. அங்கிருந்து கால் கால் சுற்றாக, ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி காது கொடுத்தேன். ஒரு இடத்தில் சத்தம் கூடி மிருதுவாகும், தாண்டினால் சோரும். கூடின இடத்தில் நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்து, இன்னொரு தடவை ஏயர் ஸ்க்ரூவுக்கு வந்தேன். செட்டிங் ஒன்றேமுக்காலில் வந்து நின்றது.

போன ஏப்ரலில் நுவரெலியா போனபோது மட்டும் மாற்றினேன். 1868 மீற்றர் உயரம். றம்பொடைக்கு மேலே ஐடில் கனத்து, புகைத்து, நிற்கப் பார்த்தது. வழியில் நிறுத்தி அரைச் சுற்று வெளியே விட்டதும் தெளிந்தது. ஏற்றத்தில் இழுவை குறைந்ததுக்கு அது மருந்தில்லை, அது மலையின் மெல்லிய காற்றும், அக்சிலேட்டரை முழுக்க முறுக்கும்போது பெற்றோல் விடுகிற மெயின் ஜெட்டும் பட்ட பாடு. இறங்கி அவிசாவளையில் தேநீர் குடிக்கும்போது ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

இப்போதும் குறை உண்டு. மழை விடாமல் பெய்த காலைகளில் இரண்டு மூன்று உதை வேண்டும், ஃப்ளோட் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்தால் பெற்றோலோடு தண்ணீர் முத்துக்கள் உருண்டு வரும். அந்த ஸ்க்ரூவின் தலையும் துருப்பிடித்துத் தேய்ந்துவிட்டது. மாமி அடுத்த முறை வரும்போது கொண்டுவரவேண்டிய பட்டியலில் அதையும் எழுதி மச்சானுக்கு அனுப்பியிருக்கிறேன்.